சத்தம் போடாதவர்கள்

மாசி பிறந்துவிட்டால் மேட்டுச்சந்தையில் காற்றே புளிக்கும். அரூர் ரோட்டின் இரண்டு பக்கமும் மண்டிகள். மலை ஊர்களிலிருந்து வந்திறங்கும் புளியை மண்டி வாசலில் தார்ப்பாய் விரித்துக் கொட்டியிருப்பார்கள். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, சின்னச் சுத்தியலால் ஒரு போடு போட்டுக் கொட்டையைப் பிதுக்கி எடுப்பார்கள். சுத்தியல் சத்தமும் பேச்சும் பொழுது சாயும் வரை ஓயாது. விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்துப் போய், களி உருண்டையைக் குழம்பில் தோய்க்கும்போது சுரீரென்று எரியும். அந்த எரிச்சல் பழகிப்போனவள் சென்னம்மாள். தஸ்தகீர் பாய் மண்டியில் அவள் உட்காருமிடம் கதவோரம். அங்கேதான் கொஞ்சம் காற்று வரும்.

மரத்தில் ஏறிப் புளியை உலுக்கிக் கொண்டுவருவது ஆண்கள் பாடு. அவள் புருசன் மாதப்பனும், அவனுடைய அண்ணன் கோவிந்தனும் அந்த வேலையில் பேர்போனவர்கள். கோவிந்தன் கீழே நின்று கத்திச் சொல்லுவான், மாதப்பன் மேலே ஏறி உலுக்குவான். மாதப்பன் அதிகம் பேசமாட்டான். கொம்பிலிருந்து கீழே பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

இரண்டு வருசத்துக்கு முந்தின பங்குனியில், உலுக்கின புளியை ஏற்றிக்கொண்டு, மூட்டைகளுக்கு மேலே ஆட்களையும் ஏற்றிக்கொண்டு வந்த லாரி, கணவாய் வளைவில் பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் உருண்டது. நட்ட நடு மத்தியானம். ரோட்டில் போன வண்டிகளெல்லாம் நின்று, அடிபட்டவர்களை அள்ளிக்கொண்டு வந்து மேட்டுச்சந்தை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போயின. டாக்டர் ஒரு கொலைக் கேசில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்தது தங்கம்மாள் சிஸ்டரும், காயத்துக்குக் கட்டுக் கட்டுகிற குப்புராஜும் மட்டுந்தான். வராந்தா முழுக்க ஜனம், ரத்தம், ஓலம்.

கோவிந்தனுக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அவன் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாகச் சொல்லுவார்கள். சேலத்துக்குப் போக ஒரு வேன் கிடைத்தபோது முதலில் அவனைத்தான் தூக்கிப் போட்டார்கள். சென்னம்மாள் மண்டியிலிருந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தபோது அந்த வேன் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கோவிந்தனின் குரல். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். வராந்தா முடிகிற இடத்தில், தண்ணித் தொட்டி ஓரமாக, மாதப்பன் மல்லாந்து கிடந்தான். யாரோ துண்டை எடுத்து முகத்தில் போட்டிருந்தார்கள். உடம்பு சுடத்தான் செய்தது. வெயிலில் கிடந்த சூடா, உயிர் போய்க் கொஞ்ச நேரந்தான் ஆன சூடா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

காரியத்தன்று, ஊர் ஜனம் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது, அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். "கத்துனவங்க பொழச்சி வந்துட்டாங்க. எங்கூட்டுக்காரருக்குக் கத்தத் தெரியாம போச்சு."

கோவிந்தன் அப்போது சேலம் ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். ஆனாலும் அந்த வார்த்தை அவன் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வேலிக்கு அந்தப் பக்கம் அவன் வீடு, இந்தப் பக்கம் இவள் வீடு. அவன் பெண்சாதி ராஜாமணி குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் வேலி தாண்டி வரும். கொண்டுவருவது சென்னம்மாளின் மகள் காசியம்மாள். அவளுக்கு மட்டும் இரண்டும் ஒரே வீடு. சென்னம்மாள் அந்தக் குழம்பைச் சாப்பிடுவாள். நன்றாக இருந்தது என்று ஒருநாளும் சொல்லி அனுப்பியதில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தெரியவில்லை அவளுக்கு.

தங்கம்மாள் சிஸ்டர் மண்டிக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. பாப்பாரப்பட்டிக்காரி, பெருத்த உடம்பு. குடையை மடக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மூட்டை மேல் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நம்ம ஆஸ்பத்திரில வர்ற வியாழக்கெழம ஒரு ஒத்திகை வெச்சிருக்காங்க புது டாக்டரம்மா. அடிபட்டவங்களாட்டம் படுத்துக் கெடக்க ஆளு வேணும். ஆம்பளைங்க கொஞ்சம் பேரு வரேன்னு சொல்லிட்டாங்க. பொம்பளைங்க நாலு பேராச்சும் வேணும்."

"ஒத்திகைன்னா? நாடகமுங்களா சிஸ்டர்?"

"நாடகந்தான்னு வெச்சிக்கயேன். ஆனா ஜனம் பாக்கறதுக்கு இல்ல. நாங்க பழகறதுக்கு."

"இத்தன வருசமா ஊசி போட்டுப் பழகலீங்களா நீங்க?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒரு ஆளுக்கு ஊசி போடறது வேற புள்ள. ஒரே நேரத்துல அம்பது பேரு வந்து எறங்குனா என்னா பண்ணுவ? அதத்தான் டாக்டரம்மா கேக்கறாங்க. போபால்ல அத்தன ஜனம் செத்ததுக்கு அப்பறம் எல்லா எடத்துலயும் இத யோசிக்கறாங்களாம். நம்ம ஊருல விசவாயு கம்பெனி இல்ல, ஆனா கணவாய் இருக்குதேன்னு சொல்றாங்க."

கணவாய் என்றதும் சுத்தியல்கள் நின்றன. சிஸ்டருக்கும் அப்போதுதான் கதவோரம் இருப்பது யாரென்று தெரிந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெய்யா அடிபடாதப்ப அடிபட்டாப்ல எதுக்குங்க படுக்கணும்? வாய் வெச்ச மாதிரி ஆயிட்டா?" என்றாள் வயதான ஒருத்தி. "பொணமாட்டம் படுத்து எந்திரிச்சிட்டு எந்த மூஞ்சில வூட்டுல போயி அடுப்பு பத்த வெக்கறது? வேணாங்க சிஸ்டர். வேற ஆளப் பாருங்க."

"நான் வரேன்" என்றாள் சென்னம்மாள்.

"நீ வேணாம் சென்னம்மா" என்றாள் சிஸ்டர் அவசரமாக.

"ஏன், நான் ஏன் வேணாம்?"

சிஸ்டர் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, "காலையில எட்டு மணிக்கு வந்துரு. பழைய சீலையா கட்டிக்க" என்றாள்.

அன்று சாயங்காலமே செய்தி வேலி தாண்டிப் போய்விட்டது. சென்னம்மாள் அடுப்பில் உலை வைத்துவிட்டு ராகி மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். ராஜாமணி வேலியோரம் வந்து நின்றாள். கையில் கிண்ணம் இல்லை.

"ஏ சென்னம்மா. நீ ஆஸ்பத்திரில போயி படுக்கப் போறியாமே?"

"ஆமாக்கா."

"ஊருல வேற ஆளே இல்லியா? உனக்கு எதுக்கு இந்த வேல? ஒரு பொட்டப்புள்ளய வெச்சிருக்கற."

"புள்ளைக்கு என்னா ஆயிரும்? படுத்து எந்திரிச்சி வரப்போறேன்."

"படுத்து எந்திரிச்சி வரதா? எங்க படுக்கறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா நீ? அந்த வராந்தாவுலடி. ரெண்டு வருசமா ஒரு ஊசி போடக்கூட நான் அங்க போகல."

"நானுந்தான் போகல. அதுக்குத்தான் போறேன்."

"போயி?"

சென்னம்மாள் சல்லடையை வைத்தாள். "அவரு கெடந்த எடத்துல நான் கெடந்து பாக்கோணும் அக்கா. அங்கேருந்து என்னா தெரியுது, என்னா கேக்குதுன்னு பாக்கோணும். கடைசியா அவரு என்னாத்தப் பாத்தாரு? யாரக் கூப்புட்டாரு? எனக்குச் சொல்லறதுக்கு யாரு இருக்கறாங்க?"

வேலிக்கு அந்தப் பக்கம் கோவிந்தன் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான். மரம் ஏற முடியாமல் போனபிறகு மண்டிகளுக்குக் கிழிந்த கோணிகளைத் தைத்துக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. கோணி ஊசி சணலை இழுக்கும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றது. ராஜாமணி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லறது எல்லாம் இங்க ஒருத்தரு காதுல விழுதுடி" என்றாள். பிறகு போய்விட்டாள்.

டாக்டர் வஹிதா தர்மபுரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாயின் மகள். மேட்டுச்சந்தைக்கு வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டில் போவாள்; ஆஸ்பத்திரிக்குள் வந்தால் அதை இடுப்பில் செருகிக்கொள்வாள். வேகமான பேச்சு, வேகமான நடை. அவளுக்குப் பாடம் எடுத்த ஒரு ப்ரொபசர் பட்டாளத்தில் டாக்டராக இருந்தவராம். போர்முனையில் அடிபட்டு வருகிறவர்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டாளாம். பழைய பாவாடைத் துணியைக் கிழித்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாடாவாக வைத்திருந்தாள். உடனே பார்க்கவேண்டிய ஆளுக்குச் சிவப்பு. வலி இருந்தாலும் கொஞ்சநேரம் தாங்குகிறவனுக்கு மஞ்சள். எழுந்து நடக்கிறவனுக்குப் பச்சை. ஆஸ்பத்திரி ஆட்களுக்கு ஒரு வாரமாக இதைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். தோட்டி, சமையற்காரி, வாட்ச்மேன் யாரையும் விடவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி கிணற்றடியில் வைத்து எல்லோருக்கும் ரத்தக் காயம் வரைந்தார்கள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்திருந்தார்கள். சென்னம்மாளின் முறை வந்தபோது தங்கம்மாள் சிஸ்டரின் கை தயங்கியது. அவள் நெற்றியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள்.

"செம்மண்ணு கரைச்சிக் கொண்டாரட்டுமா சென்னம்மா?"

"எல்லாருக்கும் என்னாவோ அதையே பூசுங்க சிஸ்டர்."

நெற்றியிலிருந்து காது வரைக்கும் எண்ணெய் பிசுக்கோடு அது வழிந்தது. டாக்டர் வந்து அவள் முன்னால் குனிந்து நின்றாள்.

"உங்க பேரு என்னம்மா?"

"சென்னம்மாளுங்க."

"சென்னம்மா, உங்களுக்குத் தலையில அடி. நெனவு இல்ல. மூச்சு மட்டும் வருது. யாரு என்னா சொன்னாலும் கண்ணத் தொறக்கக்கூடாது, வாயத் தொறக்கக்கூடாது. எறும்பு கடிச்சாக்கூட. முடியுமா?"

"முடியுங்க."

டாக்டருக்கு அவள் யாரென்று தெரியாது. சொல்லவேண்டாமென்று சென்னம்மாள் சிஸ்டரிடம் ஏற்கனவே கண்ணால் சொல்லிவிட்டிருந்தாள்.

எல்லோரையும் ஒரு டிராக்டர் டிரெய்லரில் ஏற்றி, ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து கேட்டுக்குள் விட்டார்கள். மண்டி லோடுமேன்கள்தான் இறக்கினார்கள். நிஜமாகவே ஒரு விபத்து நடந்தால் இறக்குகிறவர்கள் அவர்கள்தானே என்று டாக்டர் அவர்களைக் கூப்பிட்டிருந்தாள். இரண்டு பேர் சென்னம்மாளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஏறினார்கள். "அந்தத் தொட்டியோரமாப் போடுங்கண்ணா" என்று அவள் உதடு அசையாமல் சொன்னாள். போட்டார்கள். அவள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சிமெண்டுத் தரை சுட்டது. தொட்டியில் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தண்ணீர். நாக்கு வறண்டது. அந்தப் பக்கம் கூச்சல் தொடங்கியது. சந்தைக்கடைப் பையன்கள், டீக்கடை மாஸ்டர், கறிக்கடை அப்துல் ஷுக்கூர் என்று வந்திருந்த ஆம்பளைகள் போட்டி போட்டுக்கொண்டு கத்தினார்கள். "ஐயோ என் காலு! யாராச்சும் வாங்களேன்! சாவறேனே!" முதலில் சிலபேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஓடுகிற கால்களின் சத்தம் தரை வழியாக அவள் முதுகுக்கு வந்தது. "குப்புராஜு, இங்க வா!" "கட்டு எடுத்தா!" "ஸ்ட்ரெச்சர் எங்க?" எல்லாக் காலும் அந்தப் பக்கமே போயின. ஒரு கால் அவளை நோக்கி வந்தது. வந்து, தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டது. திரும்பிப் போய்விட்டது. மொண்ட தண்ணீரில் ஒரு துளி அவள் கன்னத்தில் தெறித்தது.

நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னதால்தான் அவள் பேசவில்லை. மாதப்பனால் முடியவே இல்லை. இது அவள் உடம்பில் ஏறியபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பயந்தான் வந்தது. அவனுக்கு எல்லாம் கேட்டிருக்குமா? அண்ணன் கத்துவது கேட்டிருக்குமா? வேன் வந்து நின்றது, கதவைச் சாத்தியது?

விசில் ஊதினார்கள். கூச்சல் அடங்கியது. டாக்டரின் செருப்புச் சத்தம் வராந்தா நெடுக வந்து அவள் தலைமாட்டில் நின்றது.

"இவங்கள யாரு பாத்தது?"

டாக்டர் குனிந்து அவள் கையைத் தூக்கினாள்.

"கையில நாடா இல்ல. யாருமே வரலியா? சிஸ்டர்? குப்புராஜ்?"

"நான் தண்ணி மொள்ள வந்தேனுங்க" என்று குப்புராஜ் மெல்லச் சொன்னான். "பாத்தேன். சும்மா படுத்திருந்தாங்க. அங்க அந்தாளு கத்தற கத்து..."

"இவங்களுக்கு மூச்சுக் கொழாயில ரத்தம் அடச்சிக்கிட்டு இருக்குது. மல்லாக்க படுக்க வெச்சதால நாக்கு உள்ள விழுந்துடுச்சி. ஒருக்களிச்சி ஒரு திருப்புத் திருப்பியிருந்தா போதும், மூச்சு வந்திருக்கும். இப்ப செத்துட்டாங்க" என்றாள் டாக்டர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எல்லோரையும் உறைய வைத்தது. "நல்லா கேட்டுக்கங்க. கத்தறவனுக்கு மூச்சு இருக்குது, தெம்பு இருக்குது. அவன் வலி பொய்யில்ல, ஆனா அவனால காத்திருக்க முடியும். சத்தம் வராத எடத்துக்குத்தான் நம்ம காலு மொதல்ல போகணும்."

"கத்தறப்ப காலு தானா அங்க போயிருதுங்கம்மா" என்றான் குப்புராஜ்.

"போகும். எனக்கும் போகும். அதனாலதான் இதத் திரும்பத் திரும்பச் செய்யறோம். எல்லாரும் மறுபடியும் டிரெய்லர்ல ஏறுங்க."

தங்கம்மாள் சிஸ்டர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதது எதற்கென்று டாக்டருக்குப் புரியவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஊன்றுகோலோடு ஒருவன் நின்றிருந்தான். சென்னம்மாள் எழுந்து உட்கார்ந்தபோது அவனைப் பார்த்தாள். கோவிந்தன். அவன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். அவன் கோலை ஊன்றித் திரும்பி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினான்.

இரண்டாம் முறை. அதே தொட்டியோரம், அதே கூச்சல். இந்த முறை கால்கள் தயங்கித் தயங்கிப் பிரிந்தன. ஒரு ஜோடி கால் நேரே அவளிடம் வந்தது. முழங்கால் தரையில் படும் சத்தம். புகையிலை மணக்கிற ஒரு கை அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது. பிறகு குப்புராஜின் குரல், உடைந்து, பெரிதாக.

"இங்க ஒரு உசுரு இருக்குது! செவப்பு! இங்க வாங்க, ஒரு உசுரு இருக்குது!"

தோளையும் இடுப்பையும் பிடித்து அவளை ஒருக்களித்துத் திருப்பினான். கண்ணைத் திறக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூடின இமையிலிருந்து கண்ணீர் மூக்குத்தண்டைத் தாண்டித் தரையில் இறங்கியது. அவன் அவள் மணிக்கட்டில் சிவப்பு நாடாவைக் கட்டினான்.

முடிந்ததும் எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். சென்னம்மாள் வாங்கவில்லை. நாடாவை அவிழ்க்காமல், டாக்டரின் அறை வாசல் படியில் போய் நின்றாள். அதற்குள் சிஸ்டர் சொல்லியிருக்கவேண்டும். டாக்டர் எழுந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். அவளையும் உட்காரச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா உங்கள அங்க படுக்க வெச்சிருக்கமாட்டேன்."

"நானாத்தான் கேட்டுப் படுத்தேனுங்க." அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். எண்ணெய்ச் சிவப்பு துணியில் ஈஷியது. "ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அன்னிக்கு ஒருத்தரு வந்து எங்கூட்டுக்காரரத் திருப்பிப் படுக்க வெச்சிருந்தா, அவரு இருந்திருப்பாரா?"

டாக்டர் தொட்டிப் பக்கம் பார்த்தாள்.

"நான் அன்னிக்குப் பாக்கல. அடி எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியாது. இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனா அவருக்கு அந்த வழி கெடைக்கல. அது நிஜம்."

"இங்க இருந்தவங்களுக்குத் தெரியாமப் போச்சு."

"ஆமா. ரெண்டே பேரு. யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல."

"தெரிஞ்சிருக்கோணும் இல்லீங்களா? ஆஸ்பத்திரின்னு போர்டு போட்டிருக்கீங்க. எங்களுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணுமில்ல?"

"தெரிஞ்சிருக்கணும்" என்றாள் டாக்டர் வஹிதா.

சென்னம்மாள் படியிலிருந்து எழுந்தாள். இரண்டு வருசமாக அவள் கோபத்துக்கு ஒரே ஒரு முகந்தான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து முகம். இப்போது அந்த முகத்தின் மேல் கோபத்தை வைத்துப் பார்த்தாள். அது அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு வேலியைச் சுற்றி, முன்வாசல் வழியாகவே கோவிந்தன் வீட்டுக்குப் போனாள். ராஜாமணி அவரைக்கொட்டைக் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டி கையில் இருக்க அப்படியே நின்றாள். கோவிந்தன் சாக்குகளுக்கு நடுவே சுவரில் சாய்ந்திருந்தான். ஊசியில் நூல் கோக்கவில்லை. அவளைக் கண்டதும் எழப் பார்த்தான். ஊன்றுகோல் சரிந்து விழுந்தது.

"உக்காருங்க மாமா."

அவன் தரையைப் பார்த்தான். "நான் கத்துனேன்" என்றான். "வலி தாங்கல. அவன் எங்கன்னு பாக்கல நான். எலும்பு வெளிய வந்து நின்னுச்சி, அதத்தான் பாத்தேன். என்னத் தூக்குங்கடான்னுதான் கத்துனேன். நீ சொன்னது நெசந்தான். நான் கத்தாம இருந்திருந்தா அவனத் தூக்கியிருப்பாங்க."

"இல்லீங்க மாமா."

"நீதானே சொன்ன."

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்." அவள் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். "எலும்பு ஒடஞ்சவன் கத்தாம என்னா பண்ணுவான்? நீங்க கத்துனதுல தப்பே இல்ல. நீங்க கத்தாம இருந்திருந்தா இன்னொருத்தன் கத்தியிருப்பான், அங்க ஓடியிருப்பாங்க. தொட்டிப் பக்கம் யாரும் வந்திருக்கமாட்டாங்க. நான் இன்னிக்கு அங்க கெடந்து பாத்தேன் மாமா. எனக்குத் தெரியும்."

ராஜாமணி அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்தாள். கடுகு கருகிவிட்டிருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் திரும்பி நின்றாள்.

"அவன் என்னாட்டம் கத்தறவன் இல்ல" என்றான் கோவிந்தன். "மரத்துல குளவி கொட்டுனாக்கூட எறங்கி வந்துதான் சொல்லுவான்."

"தெரியுங்க."

"லாரியில ஏறறதுக்கு முன்ன, மலைமேல, ஒரு மரத்துப் புளி இனிப்பா இருக்குதுன்னு மடியில கட்டிக்கிட்டான். காசியம்மாவுக்கு. அத உங்கிட்ட யாரும் குடுக்கலயில்ல?"

"இல்லீங்க."

இரண்டு வருசத்தில் அவன் தம்பியைப் பற்றி அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. பேச்சு நிற்கவில்லை. மலையில் என்ன சாப்பிட்டார்கள், எந்த மரத்தடியில் படுத்தார்கள், மாதப்பன் எதற்குச் சிரித்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் சொன்னான். காசியம்மாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா பெரியப்பன் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பையைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். ராஜாமணி எல்லோருக்கும் களி போட்டாள்.

கை கழுவும்போது சென்னம்மாள் சொன்னாள். "சித்திரையில மறுபடியும் வெப்பாங்களாம். நீங்களும் வாங்க மாமா."

"நானா? நான் வந்து என்னா பண்ண?"

"கத்துங்க. அந்தச் சந்தைக்கடைப் பசங்க கத்தறது பொய்யிக் கத்து. அதத் தாண்டிப் போறது லேசு. நீங்க அன்னிக்குக் கத்துனாப்லயே கத்துங்க. அதக் கேட்டும் அவங்க தாண்டிப் போகப் பழகோணும்."

"அடிப்பாவி" என்றாள் ராஜாமணி.

கோவிந்தன் கோணி ஊசியை எடுத்து நூல் கோத்தான். வருவானென்று சென்னம்மாள் நம்பவும் இல்லை.

சித்திரை வெயிலில் தார் உருகி ரோடு பளபளத்தது. டிரெய்லர் கிளம்புகிற நேரத்துக்கு அவன் கோலை ஊன்றிக்கொண்டு வந்தான். கூடவே ராஜாமணி. லோடுமேன்கள் அவனைத் தூக்கி ஏற்றினார்கள். டாக்டர் வஹிதா அவன் தொடையில் கட்டையை வைத்துத் துணி சுற்றிவிட்டு, "எலும்பு முறிவு. நீங்க சத்தம் போடலாம்" என்று மட்டும் சொன்னாள். வராந்தாப் படிக்கு நேரே அவனைப் போட்டார்கள். சென்னம்மாளை இந்த முறை தூரத்து வேப்பமரத்தடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்கே போடவேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

முதலில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. மற்றவர்கள் கத்தினார்கள். பிறகு எங்கிருந்தோ வந்தது அந்தக் குரல். கண்ணை மூடிக் கிடந்த சென்னம்மாளின் உடம்பு ஒருதரம் தூக்கிப்போட்டது. கேட்டைத் தாண்டிப் போன வேனுக்குள்ளிருந்து அவள் கேட்ட அதே குரல். "என்னத் தூக்குங்கடா! ஐயோ, என்னத் தூக்குங்கடா!" ரோட்டில் போன சைக்கிள்கள் நின்றன.

குப்புராஜ் வராந்தாவிலிருந்து ஓடி இறங்கினான். கோவிந்தனுக்கு முன்னால் அவன் கால் நின்றது. குனிந்தான். அவன் கையில் மஞ்சள் நாடாவைச் சுற்றினான். "இருண்ணா. வலிக்கும், தெரியும். இதோ வந்துடறேன். நீ கத்து" என்றான். கோவிந்தன் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டான். குப்புராஜ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, நிமிர்ந்து, அவனைத் தாண்டி வேப்பமரத்தைப் பார்த்து ஓடினான்.

விசில் ஊதிய பிறகும் கோவிந்தன் கத்திக்கொண்டிருந்தான். சிஸ்டர் அவனை நோக்கிப் போகப் பார்த்தாள். டாக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். சென்னம்மாள் எழுந்து, தலையில் ஒட்டின வேப்பம்பூவைத் தட்டிவிடாமலே நடந்து வந்து, அவன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். இப்போது அவன் வாயிலிருந்து வந்தது தூக்குங்கடா என்பது இல்லை. தம்பியின் பேர். யாரும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.